ஏற்றமும் வற்றமும்

இங்கிலாந்தின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் விடுமுறையைக் கழிக்கப் போகிறேன் என்று சொன்னால், அந்த நாட்டை லண்டன் மாநகரின் வாயிலாக மட்டுமே அறிந்த நண்பர்கள், "அங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது?" என்று சற்றே அநுதாபத்துடன் விசாரிப்பது வழக்கம். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. வெயிலை நம்பி அங்கே போக முடியாது. கேளிக்கைக் கூடங்களும் பெரிய கடைத்தெருவும் நகரங்களோடு நின்றுவிடுகின்றன. ஆகஸ்டு மாதத்திலும் வட கடலில் முழங்காலளவு இறங்கியவர் இடுப்பளவு இறங்குவதற்குத் தனியானதொரு வைராக்கியம் வேண்டும். ஆயினும், பேரனிலிருந்து பாட்டனார் வரை அங்கே வந்திருப்பவர் அனைவரும், கையில் வாளியும் காலில் ரப்பர் ஜோடுமாக, கச்சேரிக்கு நேரமாகிவிட்ட குமாஸ்தாக்களைப் போல விரைந்து செல்வதைக் காணலாம். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு இந்த உத்தியோகத்தைக் கொடுத்தது யார் என்று விசாரித்துக்கொண்டு போனால், கடைசியில் கடலிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நான் சொல்லும் கிராமம், யார்க்‌ஷயரின் கிழக்குக் கரையில், விட்பி துறைமுகத்துக்குத் தெற்கே சுமார் 6 மைல் தூரத்தில் உள்ள ராபின் ஹூட்ஸ் பே. பிரசித்தி பெற்ற அந்த வனக் கொள்ளையனுக்கும் இவ்வூருக்கும் சம்பந்தம் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஊராரும் நீண்ட பெயரை விட்டுவிட்டு 'பே' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியூரார் மோட்டார் வண்டிகளை மேட்டிலேயே விட்டுவிட்டு, செங்குத்தான ஒரே தெரு வழியாக, ஒன்றன் தோள்மேல் ஒன்றாகச் சிவப்பு ஓட்டு வீடுகள் நெருங்கி நிற்கும் சந்துகளின் நடுவே கீழிறங்க வேண்டும். அந்தத் தெரு கடைசியில் எவ்வித உபசாரமுமின்றி நேரே கடலுக்குள் இறங்கிவிடுகிறது.

சோழமண்டலக் கரையில் பிறந்தவனுக்குக் கடல் என்பது, புயற்காலம் நீங்கலாக, இருந்த இடத்தில் இருக்கும் வஸ்து. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அங்கே மூன்றடி வித்தியாசம் இருந்தால் அதிகம். பே கிராமத்திலோ, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில், அந்த வித்தியாசம் ஏறக்குறைய 15 அடி. கரையோரப் படுகை தட்டையான பாறையாகையால், இவ்வளவு உயரம் இறங்கும் நீர் கண்ணுக்கெட்டிய தூரம் விலகிப் போய், சில மணி நேரத்துக்கு முன் அலை புரண்ட இடத்தில் குடும்பங்கள் உலாவும்படி விட்டுவிடுகிறது. ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வற்றி, அவ்வளவு நேரமே மறுபடி ஏறி, இந்த நியதியையும் ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிஷம் தள்ளிப் போட்டுக்கொண்டு கடல் நடக்கிறது. கடைகளில் விற்கும் சிறு புத்தகம் ஒன்றில் ஆண்டு முழுவதற்கும் இந்த வேளைகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. காலைச் சிற்றுண்டி மேஜையில், நம் வீடுகளில் ராகுகாலம் பார்க்கும் சிரத்தையோடு, அதைப் புரட்டாத குடும்பம் இல்லை. விடுமுறையில் மனிதனைப் பெரிதும் களைப்புறச் செய்வது பிரயாணமோ செலவோ அன்று, அடுத்து என்ன செய்வது என்று இடைவிடாமல் தீர்மானிக்க வேண்டிய நிர்ப்பந்தமே என்பது என் அபிப்பிராயம். அந்தச் சுமையை இங்கே சமுத்திரம் ஏற்றுக்கொள்கிறது. கடல் விலகினால் கீழே போக வேண்டும். திரும்பினால் மேலே வர வேண்டும். வரத் தவறியவர்கள் குன்றின் அடியில் அகப்பட்டுக்கொள்ளக்கூடுமாதலால், இதில் மனிதனுடைய இஷ்டத்துக்கு அதிக இடமில்லை.

வற்றத்தின்போது வெளிப்படும் பாறைகள், மேல்நோக்கிக் குமிழாக வளைந்திருந்த படிவங்களை அலை சீவித் தள்ளியதால் உண்டானவை. மென்மையான அடுக்கு கரைந்துபோக, கடினமானது வரப்பாக நின்று, விரிகுடா முழுவதும் வளைவு வளைவாகக் கோடிட்டுக் கிடக்கிறது. வரப்புகளுக்கு இடையே தேங்கிய குட்டைகளே குழந்தைகளின் ராஜ்யம். தொட்டால் சிவந்த பாகுத்துளியாகச் சுருங்கும் கடற்சாமந்தியும், யாரோ விட்டுப்போன சங்கில் குடியேறிய துறவி நண்டும் அங்கே உண்டு. கூம்பு போன்ற ஓட்டை மூடிக்கொண்டு பாறையோடு பாறையாய் ஒட்டியிருக்கும் சிறு நத்தையின் வாழ்க்கை எனக்கு மிகவும் சுவாரஸ்யமாகப்பட்டது. நீர் மூடியிருக்கும்போது பாசி மேயப் புறப்பட்டு, வற்றுவதற்குள் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் அந்தப் பிராணி, ஓட்டின் விளிம்பு அந்த ஓரிடத்தின் மேடுபள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி பாறையோடு தேய்ந்துபோயிருப்பதால், வேறிடத்தில் அவ்வளவு இறுக அமராது. அதற்கும் அட்டவணை உண்டு. அச்சடித்த புத்தகம் மட்டும் இல்லை.

இப்படிக் குட்டை பார்க்கும் மோகத்தை அந்நாட்டாருக்கு ஊட்டியவர்களில் பிரதானமானவர் பிலிப் ஹென்றி காஸ். டெவன்ஷயர் கரையில் உலாவிக் கண்டவற்றை அவர் 1853-இல் புத்தகமாக வெளியிட்ட பிறகு, சீமாட்டிகளும் பாதிரிமார்களும் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் புறப்பட்டுவிட்டார்கள். யுகயுகமாகக் கலையாதிருந்த குட்டைகள் சேகரிப்பவர்களின் பேராசையால் சூறையாடப்பட்டதை, அவருடைய குமாரர் எட்மண்ட் காஸ், தந்தையையும் தம்மையும் பற்றி 1907-இல் வெளியிட்ட நூலில் துயரத்தோடு குறிப்பிட்டிருக்கிறார். இன்றைய பெற்றோர், புரட்டிய கல்லைப் புரட்டியபடியே விடக் கூடாது, பிடித்த நண்டைக் கடலிலேயே விட வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். துறைகளில் பன்றிக்கொழுப்பை நூலில் கட்டி நண்டு பிடிக்கும் சிறுவர்கள், மாலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். அதே நண்டுகள் மறுநாளும் அதே கொழுப்புக்கு வந்து சேருகின்றனவோ என்பது என் சந்தேகம்.

குட்டைகளில் சலிப்படைந்த பெரியவர்கள் கூழாங்கற்களைக் கிளறுகிறார்கள். சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் சேறாயிருந்த இப்பாறைகளிலிருந்து, சுருண்ட ஓடுடைய அம்மனைட் என்னும் பிராணியின் கல்லுருவங்கள் உதிர்ந்துகொண்டேயிருக்கின்றன. குன்றில் சுத்தியல் வைக்காமல், தானே உதிர்ந்ததை எடுத்துக்கொள்வதே மரியாதை. ஏழாம் நூற்றாண்டில் விட்பி மடத்தின் தலைவியாயிருந்த புனித ஹில்டா, அப்பிரதேசத்துப் பாம்புகளையெல்லாம் கல்லாக்கினார் என்று ஐதிகம். தலையில்லாத பாம்புகளை ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்று கருதிய வியாபாரிகள், கல்லின் நுனியில் தலையையும் கண்ணையும் செதுக்கி விற்றிருக்கிறார்கள்! அத்தகைய கல்லொன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது பாம்பன்று. கண்டகி நதியில் கிடைத்து, நம் வைஷ்ணவ இல்லங்களில் அன்றாடம் திருமஞ்சனம் கொள்ளும் சாளக்கிராமமும் இதே இனத்துப் பிராணியின் உருவந்தான். அந்தச் சுருளில் நம்மவர்கள் திருமாலின் சக்கரத்தைக் கண்டார்கள். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளிலும் இதன் உறவினர்கள் உண்டு. அவற்றுக்குப் பூஜையும் இல்லை, தலை செதுக்குவாரும் இல்லை.

கடல் திரும்பியதும் ஜனங்கள் தேநீர்க் கடைகளில் புகுந்துகொள்கிறார்கள். ஸ்கோன் என்னும் ரொட்டியைப் பிளந்து பழப்பாகு தடவித் தின்னும் இவ்வைபவம் சாதுவாகத் தோன்றினாலும், இவ்வூரில் தேயிலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன்மேல் சுமத்தப்பட்ட வரி, 1784-இல் 119 சதவிகிதத்திலிருந்து 12½ சதவிகிதத்துக்குக் குறைக்கப்படும் வரை, கள்ளக் கடத்தலுக்குப் பெரிய ஊக்கமாக இருந்தது. கரையில் இறங்கிய பட்டுமூட்டை, வீட்டுக்கு வீடு உள்வழியாகவே கைமாறி, பகல் வெளிச்சம் படாமல் மேட்டுக்குப் போய்விடும் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த வீடுகளில் சிலவற்றையும் முக்கியத் தெருவின் ஒரு பகுதியையும் 1780-இல் கடல் விழுங்கிவிட்டது. கிராமத்தைக் காக்கும் பெருஞ்சுவர் 1975-இல்தான் முடிந்தது. மழை பிடித்துக்கொண்டாலோ, மேட்டில் நிறுத்திய வண்டிக்குள் தம்பதிகள் அமர்ந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தபடி, நனைந்த கண்ணாடி வழியே கடலையே மௌனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை அவர்கள் உல்லாசம் என்று உளமார நம்புகிறார்கள்.

அதே மேட்டுச் சாலை 1881 ஜனவரியில் வேறொரு காட்சியைக் கண்டது. இக்கரைக்கு அப்பால் கப்பலொன்று மூழ்கி, மாலுமிகள் சிறு படகில் தத்தளித்த செய்தி விட்பிக்கு எட்டியபோது, புயலில் கடல் வழியாக வர இயலாதாகையால், அங்கிருந்த உயிர்காப்புப் படகைக் குதிரைகளும் மனிதர்களுமாகச் சேர்ந்து, ஆளுயரம் குவிந்த பனியை வெட்டி வழியுண்டாக்கிக்கொண்டு, 6 மைல் இழுத்து வந்து, இந்தச் செங்குத்துத் தெருவில் இறக்கி, கடலில் விட்டு, மாலுமிகள் அனைவரையும் காப்பாற்றினார்கள். நினைவுப் பலகையைப் படித்துவிட்டு, வெறுங்கையோடு அதே தெருவில் மூச்சு வாங்க ஏறினேன்.

நடக்க விரும்புவோருக்கு, 1965-இல் மூடப்பட்ட ரயில் பாதை இப்போது நடைபாதையாகியிருக்கிறது. அதில் தெற்கே போனால் ரேவன்ஸ்கார் வரும். முன்பு அங்கே களிப்பாறையை மாதக்கணக்கில் எரித்து, நீரில் கரைத்துக் காய்ச்சிப் படிகாரம் எடுத்தார்கள். அதற்கு வேண்டிய சிறுநீர் லண்டனிலிருந்து கூடக் கப்பலில் வந்து இறங்கியதாம். பின்னர், 1890-களில், ஒரு கம்பெனியார் அவ்விடத்தைப் பெரிய உல்லாச நகரமாக்கத் துணிந்து, வீதிகள் வகுத்து, சாக்கடைகள் போட்டு, மனைகளையும் விற்றார்கள். கடலோ சுமார் 600 அடிக்குக் கீழே. இறங்கினால் மணலின்றிப் பாறைக் கரை. எழும்பிய வீடுகள் சில, கம்பெனி திவாலாயிற்று. விருந்தினருக்கு வேண்டிய சகலத்தையும் யோசித்தவர்கள், காலை நனைக்க அவர்கள் எங்கே போவார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

காலை நனைப்பது பே கிராமத்தில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகியிருக்கிறது. ஆல்பிரட் வெயின்ரைட் என்பவர் 1973-இல் எழுதிய வழிகாட்டி நூலைப் பின்பற்றி, மேற்குக் கரையின் செயின்ட் பீஸில் ஐரிஷ் கடலில் ஜோட்டை நனைத்து, ஒரு கூழாங்கல்லையும் எடுத்துக்கொண்டு, சுமார் 190 மைல் நடந்து வருபவர்கள், இந்தத் தெருவின் அடியில் வட கடலில் மறுபடி நனைத்து, கல்லை எறிந்துவிட்டு, பக்கத்து விடுதியில் மது அருந்தப் போகிறார்கள். ஏற்றத்தின்போது வருபவர்களைக் கடல் தெருமுனைக்கே வந்து வரவேற்கிறது. அட்டவணை பாராமல் வற்றத்தின்போது வந்து சேருபவர்களோ, கொப்புளம் கண்ட கால்களோடு, வழுக்கும் பாசிப் பாறைகளின் மேல் இன்னும் வெகுதூரம் தட்டுத் தடுமாறிப் போக வேண்டும். ஒரு மனிதர் படிக்கட்டில் நின்று, தூரத்து அலையையும் விடுதிக் கதவையும் மாறி மாறி நோக்கினார். பிறகு அருகிலிருந்த குட்டையில், நண்டு தேடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, இரண்டு ஜோட்டையும் முறைப்படி நனைத்துவிட்டு உள்ளே போனார்.