ஒரு டீ கிளாஸ் ஹெக்சேன்



"கவிதை நிறைய வந்துடுச்சு, காதல் கவிதை அதைவிட நிறைய வந்துடுச்சு. சப்ஜெக்ட் சம்பந்தமா ஏதாவது எழுதிக் குடுப்பா" என்று மலர்க்குழு நண்பர்கள் விடுதி அறைக்கே வந்து கேட்டார்கள். ஆகவே இன்ப்ளாண்ட் டிரெயினிங்கில் நானும் என் அறை நண்பனும் கண்ட ஒரு விஷயத்தை எழுதுகிறேன். கெமிக்கல் பிரிவு அல்லாத நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எலெக்ட்ரிகல், மெக்கானிகல் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

நாங்கள் போனது தஞ்சைப் பக்கம் ஒரு தவிட்டெண்ணெய் ஆலை. பெயர் வேண்டாம். தவிட்டில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் உண்டு. நெல்லை அரைத்துத் தவிடு பிரிந்த உடனேயே அதிலுள்ள லைபேஸ் என்னும் என்சைம் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கத் தொடங்கிவிடும். அதனால் தவிட்டு லாரி வந்தால் காத்திருக்க முடியாது. எண்ணெய் எத்தனை சதவீதம் என்று லேப் சொன்னால்தான் விலை, விலை முடிந்தால்தான் லாரி உள்ளே. டிரைவர் கேட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். உள்ளே ஆறு சாக்ஸ்லெட் வரிசையாக ஓடும். ஒவ்வொரு பிளாஸ்க்கிலும் 150 மில்லி ஹெக்சேன்.

அத்தனையையும் கவனிப்பவர் லேப் அக்கா. பல வருஷ சர்வீஸ். நாங்கள் போவதற்குச் சில மாதம் முன்பு அந்த மேஜையில் குப்பென்று ஒரு தீ. சாதாரண ஹாட் பிளேட்தான் காரணம். அக்காவின் வலது கை ரோமம் கருகியதோடு போயிற்று. அதன் பிறகுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டு, சாக்ஸ்லெட் வேலைக்கென்று தனியாக ஒரு எக்ஸ்ப்ளோஷன் புரூப் பூத் வாங்க மூன்று கொட்டேஷன் வரவழைத்தது. மூன்றையும் ஒப்பிட்டு ஸ்டேட்மெண்ட் போடும் வேலையை ஷிப்ட் கெமிஸ்ட் சார் எங்களிடம் தந்தார். "விலையை அக்கவுண்ட்ஸ்ல பாத்துப்பாங்க. எதை வாங்கினா இந்தம்மா ஷிப்ட் முடிஞ்சு முழுசா வீட்டுக்குப் போவாங்கன்னு நீங்க பாருங்க" என்றார்.

முதலில் கணக்குப் போடச் சொன்னார். நீங்களும் போட்டுப் பாருங்கள். பூத் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம். ஆக 10 கன மீட்டர். காற்றில் ஹெக்சேன் ஆவி 1.1 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றும். மேல் எல்லை 7.5 சதவீதம். 10 கன மீட்டரில் 1.1 சதவீதம் என்றால் 110 லிட்டர் ஆவி. அதைத் திரவமாக்கினால் 600 மில்லி கூட வராது. ஆறு பிளாஸ்க்கில் இருப்பதோ 900 மில்லி! நானும் நண்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சார் விடவில்லை. "ஹெக்சேன் ஆவி காத்தைவிட மூணு மடங்கு கனம். ரூம் பூரா சமமா ஏன் பரவப்போகுது? தரையோட தரையா ஒரு அடி உயரத்துக்குத் தேங்கினா எவ்வளவு?" அந்த ஒரு அடியை 30 சென்டிமீட்டராக வைத்துப் போட்டோம். 70 மில்லி. டீக்கடை கிளாஸ் கூட நிரம்பாது. ஃபிளாஷ் பாயிண்ட் மைனஸ் 22 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால், நம் ஊர் வெயிலில் அது எப்போதும் ஆவி விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இந்தக் கணக்கு கையில் வந்தபின் கொட்டேஷன்களைப் பிரித்தோம்.

முதலாவது விலை மலிவு. தீப்பிடிக்காத எப்.ஆர்.பி. கேபின், மேலே சுவரில் எக்ஸாஸ்ட் பேன். பரோட்டாக் கடை அடுப்படியில் இருக்குமே, அதே ஏற்பாடு. கேபின் சுவர் தீப்பிடிக்காமல் இருந்து யாருக்கு லாபம்? ஆவி தரையில், பேன் உச்சியில். போதாக்குறைக்குப் பேனின் மோட்டார் நேராக ஆவி போகும் பாதையிலேயே உட்கார்ந்திருந்தது. அதை ஓரமாக வைத்தோம்.

இரண்டாவது மிகவும் ஜம்பமானது. வழவழ காகிதத்தில் கலர் படம். பூத்துக்குள் நாலு விளக்கு, சுவிட்ச், பிளக் பாயிண்ட், எல்லாமே ப்ளேம் புரூப், எல்லாவற்றுக்கும் சர்டிபிகேட். என் நண்பன் இதுதான் என்று முடிவே கட்டிவிட்டான். சார் கேட்டார்: "ப்ளேம் புரூப்னா என்னப்பா?" வெடிக்காது என்றான் அவன். "வெடிக்கும். பொட்டிக்குள்ளயே வெடிக்கும், நெருப்பு வெளிய வராது. அதான் ப்ளேம் புரூப்."

இதன் பின்னணி சுவாரஸ்யமானது. 1812-ல் இங்கிலாந்தின் பெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டார்கள். அதையொட்டி எழுந்த கவலையில்தான் 1815-ல் ஹம்ப்ரி டேவி விளக்குச் சுடரைச் சுற்றிக் கம்பிவலை கட்டினார். சுடர் வலையின் துளை வழியே வருவதற்குள் உலோகம் அதன் சூட்டை உறிஞ்சிவிடும், வெளியே உள்ள வாயு பற்றாது. ப்ளேம் புரூப் பெட்டியின் மூடியும் அடிப்பாகமும் சேரும் இடுக்கில் நடப்பதும் இதுதான். ஹெக்சேனுக்கு அந்த இடுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். அந்த ஆலையிலேயே ஒரு ப்ளேம் புரூப் சுவிட்ச் பெட்டியில் எட்டு போல்ட்டுக்கு மூன்றுதான் இருந்தது. ரிப்பேருக்குக் கழற்றியவர் மீதியை மாட்டவில்லை. இடுக்கு திறந்துவிட்ட பிறகு அது கனமான இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். எலெக்ட்ரிகல் நண்பர்கள் கவனிக்க.

ஆக, பூத்துக்குள் ப்ளேம் புரூப் சாமான் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதை விட்டு, உள்ளே மின்சாரமே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தோம். அந்தக் கொட்டேஷனில் சாமான்கள் ஹைட்ரஜன், அசிட்டிலீனுக்கான டூ-சி குரூப். ஹெக்சேனுக்கு டூ-ஏ குரூப்பும் டி-3 வெப்ப வகுப்பும் போதும். டூ-சி போட்டால் கெடுதல் இல்லை, பணம்தான் தண்டம். இத்தனை செலவிலும் உறிஞ்சும் குடை உச்சியில்தான்! தரையில் ஒரு வடிகால் குழாய் இலவசம் என்று வேறு போட்டிருந்தார்கள்.

அந்த இலவசம்தான் எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது. 1981 பிப்ரவரி 13 விடிகாலை, அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தில் ஒரு சோயா எண்ணெய் ஆலையின் ஹெக்சேன் பாதாளச் சாக்கடைக்குள் போயிருந்தது. மேலே ஒரு கார் போயிற்று. அந்தப் பொறி போதும், இரண்டு மைல் தெருவுக்கு மேல் வெடித்துப் பள்ளமாயிற்று. விடிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. வடிகால் இருந்தால் ஆபத்து பூத்தை விட்டுத் தெருவுக்கு நடந்து போகும். தரையில் வடிகாலே வேண்டாம், விளிம்பு உயர்ந்த தட்டு போதும் என்று சிவப்பு மையில் எழுதினோம்.

மூன்றாவது ஒரு சின்னப் பட்டறைக்காரருடையது. படம் பென்சிலில். ஆனால் விஷயம் தெரிந்த மனுஷன். விளக்கு பூத்துக்கு வெளியே, கண்ணாடி வழியாக வெளிச்சம் மட்டும் உள்ளே. சுவிட்ச் வெளியே. பின்சுவரில் தரையை ஒட்டி உறிஞ்சும் நீளப் பிளவு, மேலே சின்னதாக இன்னொன்று. புளோயர் கூரைமேல், மோட்டார் காற்றுப் பாதைக்கு வெளியே. முன்கதவை 45 சென்டிமீட்டர் திறந்து வைத்தால் வாயில் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே இழுக்கும் என்று கணக்கும் போட்டிருந்தார். நாங்கள் சரிபார்த்தோம். 1.8 மீட்டர் அகலத்துக்கு மணிக்கு 1,460 கன மீட்டர் காற்று. நிமிடத்துக்கு 300 மில்லி ஹெக்சேன் ஆவியானாலும், அது காற்றோடு கலந்து வெளியேறும்போது பற்றும் அளவில் கால் பங்கைத் தாண்டாது.

அதிலும் குறை இருந்தது. புளோயரின் இறக்கை இரும்பு, உறையும் இரும்பு, உள்ளே அலுமினிய பெயிண்ட். துருப்பிடித்த இரும்பின்மேல் அலுமினியம் உரசினால் தெர்மைட் பொறி பறக்கும். வெல்டிங் படித்த நண்பர்களுக்குத் தெரியும், அது லேசான பொறி அல்ல. பெயிண்டை மாற்றி, இறக்கை உரசக்கூடிய இடத்தில் பித்தளை வளையம் கேட்டோம்.

சூடாக்க என்ன செய்வது? ஹெக்சேன் கொதிப்பது 69 டிகிரிக்குள். ஆலையில் பாய்லர் இருக்கிறது, ஆகவே நீராவியால் சூடாகும் வாட்டர் பாத். உள்ளே ஒரு வயர் கூட இல்லை என்று குதித்தோம். சார் ஒரே கேள்வி கேட்டார். "கரண்ட் போச்சுன்னா?"

கரண்ட் போனால் புளோயர் நிற்கும். தண்ணீர் மோட்டார் நிற்கும், கண்டென்சர் சூடாகும். ஆனால் வாட்டர் பாத் சூடு உடனே ஆறாது. ஆறு பிளாஸ்க்கும் கொதித்துக்கொண்டே ஆவியை வெளியே தள்ளும், உறிஞ்ச ஆள் இல்லை. மூன்று கொட்டேஷனிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை! ஆகவே கண்டென்சருக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர், கரண்ட் போனால் தானே மூடிக்கொள்ளும் நீராவி வால்வு, புளோயருக்கு ஜெனரேட்டர் லைன், பிளாஸ்க்கை விட்டு வாட்டர் பாத்தைக் கீழே இறக்கும் கைப்பிடி, எல்லாம் சேர்த்தோம். கரண்ட் திரும்பினாலும் புளோயர் ஐந்து நிமிஷம் ஓடிய பிறகுதான் வால்வு திறக்க வேண்டும்.

சில்லறைச் சங்கதிகளை அக்காதான் சொன்னார். ஹெக்சேன் பிளாஸ்டிக் கேனில் வருகிறது, ஊற்றும்போது நைலக்ஸ் சேலை கட்டியிருந்தால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்றார். அது ஸ்டாட்டிக். எர்த் செய்த உலோகக் கேனும் பருத்தி கோட்டும் பட்டியலில் ஏறின. ஹெக்சேன் ஈரம் போகாத பிளாஸ்க்கை அவசரத்துக்கு அப்படியே ஓவனில் வைப்பதும் உண்டாம். ஓவனின் தெர்மோஸ்டாட் ஒவ்வொரு முறையும் பொறி விடும். பூத்திலேயே கடைசிச் சொட்டுவரை விரட்டிவிட்டுத்தான் ஓவன் என்று தீர்மானமாயிற்று.

பட்டறைக்காரருக்கே ஆர்டர் போயிற்று. எங்கள் டிரெயினிங் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பூத் வந்து இறங்கியது. ஒரு சொட்டு ஹெக்சேன் உள்ளே வருவதற்கு முன், வெறும் பூத்தில் ஊதுபத்தி கொளுத்திக் கணுக்கால் உயரத்தில் பிடித்துப் பார்த்தோம். புகை மேலே எழும்பாமல் படுத்துக்கொண்டு பின்சுவர்ப் பிளவுக்குள் ஓடியது. இடது மூலையில் மட்டும் கொஞ்சம் சுழன்று நின்றது. பட்டறைக்காரர் தகரத்தை வளைத்து அதையும் சரி செய்தார். மெயினை அணைத்தோம், வால்வு டக்கென்று மூடிக்கொண்டது. போட்டோம், ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தது.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்து பார்த்தார். "பேன் சத்தம் பெரிசா இருக்கே சார், லாரிக்காரன் ஹாரன் அடிச்சாக்கூடக் கேக்காது போலிருக்கே" என்றார்.

"கேக்க வேணாம்மா" என்றார் சார்.