கூரையில்லாத தேவாலயம்

லிஸ்பன் நகரின் மேட்டுப் பகுதியில், சாந்தா ஜுஸ்தா மின்தூக்கிக்குப் பக்கத்தில் கார்மோ தேவாலயம் இருக்கிறது. தூண்கள் நிற்கின்றன, வளைவுகள் நிற்கின்றன. நடுக்கூடத்துக்குக் கூரை மட்டும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் வானம். இன்று இது ஓர் அருங்காட்சியகம்.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், மக்கள் வழிபாட்டில் இருந்தபோது பூமி குலுங்கியது. தப்பியவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். உள்வாங்கிய நீர் சுனாமியாகத் திரும்பி வந்தது. மிச்சத்தைத் தீ தின்றது.

ஏன் இப்படி நடந்தது? பாவத்துக்குத் தண்டனை என்றார்கள் சில பாதிரியார்கள். பூமிக்குள் அடைபட்ட காற்று வெளியேறத் திமிறுவதுதான் நிலநடுக்கம் என்று அரிஸ்டாட்டில் சொன்னது அப்போதும் செல்வாக்கோடு இருந்தது. நிலத்தடிக் குகைகளில் எரியும் வாயுக்களே காரணம் என்று 1756-இல் எழுதினார் தத்துவஞானி காண்ட். 1760-இல் ஆங்கிலேயர் ஜான் மிட்செல், பூமிக்குள் எரியும் நெருப்பில் நீர் பட்டு எழும் நீராவி என்றார். இவை எதுவும் இன்று நிற்கவில்லை. ஆனால் அதிர்வு அலையாகப் பரவுகிறது, அது வந்துசேரும் நேரத்தை ஒப்பிட்டால் தொடங்கிய இடத்தைக் கணிக்கலாம் என்றும் மிட்செல் சொன்னார். அது நிலைத்துவிட்டது.

அமைச்சர் பொம்பால் வேறு வழியில் போனார். நாடு முழுவதும் உள்ள பங்குகளுக்குக் கேள்விகள் அனுப்பினார். எவ்வளவு நேரம் ஆடியது? எந்தப் பக்கம் அதிகம்? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? எத்தனை பேர் இறந்தார்கள்? பங்குக் குருக்கள் எழுதிய பதில்கள் பல, லிஸ்பனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கின்றன. நிலநடுக்க ஆய்வாளர்கள் அவற்றை இன்றும் புரட்டுகிறார்கள்.

கார்மோவிலிருந்து கீழே இறங்கினால் பைஷா வட்டாரம். அகலமான, நேரான தெருக்கள். அழிவுக்குப் பின் கட்டிய அந்த வீடுகளின் சுவருக்குள் மரச்சட்டங்களால் ஆன கூண்டு வைத்தார்கள், ஆடினாலும் விழாதிருக்க. காரணம் தெரியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

சுமத்ரா அதிரும்போது நம் அடுக்குமாடி வீடுகளும் ஆடுவதுண்டு. அதை உணர்ந்தவர்களிடம் மலேசிய வானிலை ஆய்வுத் துறை கேள்விப் படிவம் நிரப்பித் தரச் சொல்கிறது. அடுத்த முறை விளக்கு ஆடினால், பத்திரமான இடத்துக்குப் போன பிறகு அதையும் நிரப்புங்கள். அன்று குருக்கள் செய்ததும் அதுதான்.