புல்லட்டை ரெண்டு இஞ்ச் இறக்கின கதை

என் புல்லட்டு 1986 மாடல். 1999-ல ஒரு பால் வியாபாரிகிட்ட இருந்து வாங்கினேன், அந்த வருஷத்து வாழை வித்த காசுல. கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல இருக்கிற பழைய வண்டி. பட்டணத்துப் பிள்ளைங்க யாராவது ஆசைப்பட்டு ஓட்டினா, பிரேக்குன்னு நெனச்சு கியரைத்தான் மிதிப்பாங்க. படவேட்டுல எங்க வீட்டுக்கு வழி கேட்டா "புல்லட்டு நிக்கிற வீடு"ன்னு தான் கைய காட்டுவாங்க.

நான் 5 அடி 3 அங்குலம். வண்டிய நிறுத்தும்போது முன்பாதம் மட்டும் தான் தரையில படும். இருபது வருஷமா அதுவே போதுமா இருந்திச்சி. அம்பதைத் தாண்டினதும் இடது முட்டி தேய ஆரம்பிச்சிது. சேத்துல நின்ன காலு, அதுவும் எத்தனை நாளுக்குத் தாங்கும்.

போன வருஷம் ஆடி வெள்ளிக்கிழமை. ரேணுகாம்பாள் கோயில் பக்கம் எப்படிக் கூட்டம் இருக்கும்னு வந்தவங்களுக்குத் தெரியும். பின்னாடி வீட்டுக்காரம்மா ஒரு பக்கமா உக்காந்திருக்கு, மடியில பொங்கல் சாமான் பை. முன்னாடி ஒரு குழந்தை ஓடிச்சி, பிரேக்கப் புடிச்சேன். கால் வச்ச இடம் மணல். பாதம் முழுசா பட்டிருந்தா நின்னிருப்பேன், விரல் மட்டும் பட்டதால வழுக்கிட்டுப் போயிடுச்சி. 160 கிலோவுக்கு மேல இருக்கிற வண்டி சாய ஆரம்பிச்சா யாராலயும் புடிக்க முடியாது. எனக்கு ஒண்ணும் ஆகல. அது கைய ஊனி விழுந்ததுல மணிக்கட்டு எலும்பு விட்டுப்போச்சி. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஒரு வார்த்தை திட்டல. கட்டு பிரிச்ச அன்னைக்கு மட்டும், "இனிமே நான் பஸ்ல வந்துக்கிறேங்க"ன்னுச்சி. எனக்கு அது திட்டினதை விட மோசமா இருந்திச்சி. சந்தவாசல் போறதுன்னாலும், ஆரணியில கல்யாணம்னாலும் இருபது வருஷமா பின்னாடி உக்காந்து வந்த ஆளு.

வண்டிய வித்துடலாம்னு முடிவு பண்ணேன். கேட்டு வந்தவங்களும் இருந்தாங்க, பழைய புல்லட்டுக்கு இப்ப நல்ல விலை. சென்னையில வேலை பாக்கிற பையன் தான், "விக்காதப்பா, இறக்கிடலாம்"னான். செல்போன்ல படம் அனுப்பினான். மட்கார்டை வெட்டி, ஒத்தை சீட்டு போட்டு, தரையோட தரையா படுத்த மாதிரி ஒரு வண்டி. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச காலத்துல அமெரிக்காக்காரங்க இப்படி வண்டிய மொட்டை அடிச்சி ஓட்டினாங்களாம், அதுக்கு 'பாபர்'னு பேராம். எனக்கு மொட்டை எல்லாம் வேணாம், கால் எட்டினா போதும்னேன்.

பக்கத்து டவுன்ல ஒரு கடை. அங்க இருந்த பையன் பின்னாடி இருந்த ரெண்டு ஷாக் அப்சர்பரையும் கழட்டிட்டு, ரெண்டு இஞ்ச் குட்டையானதை மாட்டினான். அரை மணி நேர வேலை. உக்காந்து பாத்தேன், பாதம் முழுசா தரையில படுது. சந்தோஷமா வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன்.

ஆனா வழியிலயே ஹேண்டில் ஒரு மாதிரி சோம்பலா இருந்திச்சி. பின்பக்கம் மட்டும் இறங்கினதால முன்னாடி ஃபோர்க் இன்னும் சாஞ்சி போயிடுச்சி. வளைவுல நான் நெனச்ச இடத்துல திரும்பாம வெளியில போகுது. வீட்டுல வந்து சைடு ஸ்டாண்டு போட்டா, வண்டி சாயாம நட்ட மாதிரி நிக்குது. வண்டி இறங்கிடுச்சி, ஸ்டாண்டு இறங்கல இல்லையா. ராத்திரி மாடு ஒரசினதுல வலது பக்கம் சாஞ்சிடுச்சி. சென்டர் ஸ்டாண்டு போடறதுக்கு முன்ன விட ரெண்டு மடங்கு தம் கட்டணும். முட்டி வலிக்காக பண்ண வேலை, இடுப்பையும் சேத்து வாங்கிடுச்சி.

மறுநாள் கழனியில நாலு வாழைத்தாரைக் கட்டிட்டுக் கிளம்பினேன். ஒவ்வொரு குழியிலயும் டயர் மட்கார்டுல ஒரசி கரகரன்னு சத்தம். வரப்பு ஏறி இறங்கும்போது சைலன்ஸர் மண்ணுல இடிச்சிது. ஷாக்கு நீளம் குறைஞ்சா அது அமுங்கறதுக்கு இருக்கிற இடமும் குறையும்னு அப்ப தான் மண்டையில ஏறிச்சி. தார் ரோட்டுல டீ குடிக்கப் போறவனுக்கு அது சரி. கமண்டல ஆத்தோரம் மண் பாதையில தார் ஏத்தறவனுக்கு ஆகாது.

சந்தவாசல் பக்கம் வயசான மெக்கானிக் ஒருத்தர், பாய்னு தான் கூப்பிடுவோம். 1955-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச கம்பெனி, திருவொற்றியூர்ல செஞ்ச வண்டிங்கதான் பாயோட பாதி வாழ்க்கை. வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "அண்ணே, உங்களுக்கு வண்டி உயரமா, சீட்டு அகலமா?"ன்னாரு. எனக்குப் புரியல.

"பின்னாடி ரெண்டு இஞ்ச் இறக்கினா முன்னாடியும் இறக்கணும். வேற வண்டியில ஃபோர்க் குழாயை லூஸ் பண்ணி மேல தள்ளிக்கலாம். இதுல குழாய் மேல ஹெட்லைட் கூட்டோட மரை போட்டு முடுக்கியிருக்கு, தள்ள முடியாது. உள்ள ஸ்பிரிங்குல கை வைக்கணும். அதுக்கப்புறம் ஸ்டாண்டை வெட்டணும். எதுக்குண்ணே?"

இன்னொண்ணும் சொன்னாரு. கம்பெனி செஞ்ச அமைப்புக்கும் ஆர்.சி.யில இருக்கிற விவரத்துக்கும் மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவு இருக்காம். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருக்கா ஆர்.சி. புதுப்பிக்கணும், அதிகாரி முன்னாடி நிறுத்தணும். போட்டோ பாத்து ஆசைப்படற தம்பிங்க இதையும் யோசிச்சிக்குங்க.

பழைய ஷாக்கை ஒரு சாக்குல சுத்தி வச்சிருந்தேன், நல்லவேளை. அதையே திரும்ப மாட்டி, தேஞ்சி போன புஷ்ஷை மட்டும் மாத்தினாரு. அப்புறம் சீட்டைக் கழட்டி, ரெக்சினைப் பிரிச்சி, முன்பக்கம் மெத்தையோட ரெண்டு ஓரத்தையும் கத்தியால சீவினாரு. மேல ஒரு இஞ்ச் தான் எடுத்தாரு. ஆனா ஓரம் ஒடுங்கினதால, தொடை விரியாம கால் நேரா கீழ இறங்குது. செருப்பு தைக்கிறவர்கிட்ட சொல்லி, அடியில அரை இஞ்ச் டயர் ரப்பரும் ஒட்டிக்கிட்டேன். இதெல்லாம் சேந்து இப்ப குதிகாலும் கிட்டத்தட்ட தரையைத் தொடுது. மொத்தச் செலவு, அந்தக் குட்டை ஷாக்கு வாங்கினதுல பாதி கூட இல்ல. குட்டை ஷாக்கு மாட்டுக்கொட்டாயில தொங்குது, வேணுங்கிறவங்க வந்து எடுத்துட்டுப் போலாம்.

ஒரு மாசம் தனியா தான் ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் பஸ் வரல. வாசல்ல நின்னு என் காலையே கொஞ்ச நேரம் பாத்துச்சி வீட்டுக்காரம்மா. "ரெண்டு காலையும் ஊனுங்க, பாக்கறேன்"ன்னுச்சி. ஊனினேன். ஏறி உக்காந்துடுச்சி.

இந்த ஆடிக்கும் கோயிலுக்குப் போனோம். கூட்டம் ஆரம்பிக்கிற இடத்துல, மணலுக்கு முன்னாடியே தோளைத் தட்டி, "நிறுத்துங்க"ன்னு இறங்கி நடந்துச்சி. நான் வண்டியத் தள்ளிக்கிட்டே பின்னாடி போனேன்.