பாதி ஃபுல்லர்ட்டன், பாதி திருவொற்றியூர்

பழைய புல்லட் வாங்குகிறவர்கள் முதலில் வண்டியைக் கிளப்பிப் பார்ப்பதில்லை. குனிந்து இஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள், அப்புறம் சேசிஸ் நம்பர், பிறகு இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். 1950களின் நடுவில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் இந்தக் கண் பலருக்கும் பழகிவிட்டது. எந்த போல்ட் கம்பெனியில் போட்டது, எது புதுப்பேட்டையில் வாங்கிப் போட்டது என்று டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

பழைய எலக்ட்ரிக் பேஸ் கிடார் வாங்கும்போதும் இதே வேலைதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஆர்.சி. புத்தகம் கிடையாது. பாகங்களே பேச வேண்டும்.

ராயபுரத்தில் ஒரு அங்கிள் தன் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை விற்கிறார் என்று நண்பன் சொன்னான். முப்பது வருஷத்துக்கு மேல் சர்ச் கொயரிலும் லைட் மியூசிக் பார்ட்டிகளிலும் வாசித்தவர். இப்போது விரல் மூட்டுகள் மடங்குவதில்லை. அவருடைய மகன் இணையத்தில் அமெரிக்க விலைகளைப் பார்த்து வைத்திருந்தார். மூன்றரை லட்சம். "எல்லாமே ஒரிஜினல் ப்ரோ, ஒரு ஸ்க்ரூகூட மாத்தல" என்றார் மகன். அங்கிள் எதுவும் சொல்லவில்லை.

இந்த வாத்தியம் இங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் இருந்த தன் பட்டறையிலிருந்து பிரிசிஷன் பேஸை 1951இல் வெளியே விட்டார். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ். கோடு இல்லாத அந்தக் கழுத்தில் சுருதியைக் காதால் தேட வேண்டும். இதில் கிடார் மாதிரி ஃப்ரெட் போட்டிருந்ததால் விரலை வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நிற்கும். பெயரே அதனால்தான். சென்னையில் எழுபதுகளின் பிற்பகுதியில் இளையராஜாவின் பதிவுகளில் சசிதரன் பேஸ் வாசிக்கத் தொடங்கிய பிறகு, அடியில் கிடந்த அந்தச் சத்தம் பாட்டின் முன்னால் வந்தது. ஜனங்கள் பேஸையே முணுமுணுத்தார்கள். மேடையில் அந்தப் பாட்டைப் பாடும் பார்ட்டிக்கு பேஸ் இல்லாமல் முடியாது என்றானது.

ஆனால் வாத்தியம் எங்கே கிடைக்கும்? 1991க்கு முன்னால் வெளிநாட்டுச் சரக்கு இறக்குமதிக்குக் கெடுபிடி அதிகம். அதனால் துறைமுகம் பக்கத்தில் இருந்தது ஒரு வசதி. அங்கிளின் மச்சான் கப்பலில் வேலை பார்த்தவர். 1978இல் சிங்கப்பூரில் யாரோ ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்திருக்கிறார்.

"கழட்டிப் பாக்கலாமா அங்கிள்?"

"பாரு தம்பி. மெதுவா."

இந்த அனுமதியைக் கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது. தர மறுப்பவரிடம் பெரிய தொகைக்கு வாங்கவும் கூடாது. கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் பின்பக்கம் ஒரு இரும்புத் தகடும் நாலு ஸ்க்ரூவும் இருக்கும். 1976 வரை ஃபெண்டரின் சீரியல் நம்பர் பெரும்பாலும் இந்தத் தகட்டில்தான். நிறைய பேர் இதை மட்டும் பார்த்து வருஷம் சொல்லிவிடுகிறார்கள். பெட்டியில் கிடந்த தகடுகளை வரிசை பார்க்காமல் எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அதோடு, நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் எந்தத் தகட்டையும் எதிலும் மாட்டலாம். அதனால் நம்பர் தோராயம்தான்.

கழுத்தைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் ஒரு முத்திரை இருக்கும். அறுபதுகளில் முதல் எண் மாடலைச் சொல்லும், அடுத்து மாதமும் வருஷமும், கடைசியில் ஒரு எழுத்து. அந்த எழுத்தைத் தரம் என்று நினைத்து 'ஏ கிரேடு' என்று விற்பவர்கள் உண்டு. அது நட் பக்கத்தில் கழுத்தின் அகலம். 'ஏ' என்றால் ஒல்லி, அவ்வளவுதான். இந்தக் கழுத்தில் முத்திரை பாதி அழிந்திருந்தாலும் மாடல் எண்ணும் 68 என்ற வருஷமும் படிக்க முடிந்தது.

அடுத்து பிக்கார்டைத் தூக்கினேன். உள்ளே வால்யூம், டோன் என இரண்டு கன்ட்ரோல். ரேடியோ ரிப்பேர் செய்தவர்களுக்கு இது தெரிந்த சாமான்தான். அதன் முதுகில் ஒரு நம்பர் குத்தியிருக்கும். வால்யூம் கன்ட்ரோலில் 1376629 என்று இருந்தது. 137 என்றால் சி.டி.எஸ். கம்பெனி, 66 வருஷம், 29 அந்த வருஷத்தின் வாரம். கழுத்து 68, கன்ட்ரோல் 66. மாற்றிவிட்டார்களா? இல்லை. 1965இல் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அடுத்த வருஷமே கன்ட்ரோல்களை மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டார்கள். அந்தச் சரக்கை அறுபதுகளின் கடைசி வரை போட்டுக்கொண்டிருந்தார்கள். கன்ட்ரோலின் தேதி 'இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது' என்பதை மட்டும்தான் சொல்லும்.

டோன் கன்ட்ரோல் வேறு கதை. அதில் நம்பரே இல்லை. சால்டரிங் குண்டாக, பழுப்பாக இருந்தது. பக்கத்தில் இருந்த கம்பெனி சால்டரிங் சின்னதாக, தட்டையாக இருந்தது. மகன் என்னைப் பார்த்தார். நான் அங்கிளைப் பார்த்தேன்.

"அது ரேடியோ கன்ட்ரோல்பா," என்றார் அங்கிள். "ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது. கச்சேரி நடுவுல கரகரன்னு ஆயிடுச்சு, மறுநாளே மாத்திட்டேன்."

அதன் பிறகு அவரே பேச ஆரம்பித்தார். நான் ஒவ்வொன்றாகக் கழற்ற, அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பிரிசிஷன் பேஸின் பிக்கப் 1957இலிருந்து இரண்டு பாதியாக வருகிறது, ஒவ்வொன்றும் இரண்டு தந்திக்கு. உள்ளே காந்தத் துண்டுகள், அவற்றைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். இங்கே ஒன்று கணிசமாகக் கூடுதலாகக் காட்டியது. உப்புக் காத்து அந்தக் கம்பியை அரித்து அறுத்திருக்கிறது. பிக்கப் ஊமையான பிறகு திருவொற்றியூரில் ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். "எத்தினி சுத்துன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாபின் ரொம்புற வரைக்கும் சுத்துங்கண்ணேன்." அதனால்தான் கீழ் இரண்டு தந்தியும் கொஞ்சம் தடித்த குரலில் பேசுகின்றன.

பிரிட்ஜில் தந்தி உட்காரும் நாலு சாடில் உண்டு. கம்பெனி போட்டது எஃகு. கடலோர வியர்வைக்கும் காத்துக்கும் அது துருப்பிடித்து, ஸ்க்ரூவோடு இறுகிப்போனது. இப்போது இருப்பது பித்தளை. ஒரு லேத் பட்டறையில், வேலை முடிந்த நேரத்தில், பழைய சாடிலை அளவு பார்த்து நாலையும் கடைந்து கொடுத்திருக்கிறார்கள். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. தந்தி கிடைக்காத நாட்களில் பழைய தந்தியைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அழுக்கை இறக்கித் திரும்ப மாட்டுவாராம். உலகம் முழுக்க பேஸ் வாசிப்பவர்கள் செய்கிற வைத்தியம்தான் இது.

கடைசியாக வண்ணம். வெளியே சிவப்பு. பிக்கப் குழியின் ஓரத்தில் சுரண்டப்படாத ஒரு விளிம்பில் மஞ்சளும் கறுப்பும் தெரிந்தன. பிறந்தபோது சன்பர்ஸ்ட். ஒரு பார்ட்டி மாஸ்டர் எல்லோருக்கும் சிவப்புக் கோட்டு தைத்த வருஷம், வாத்தியமும் சிவப்பாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட்டில் கொடுத்து அடித்திருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஃபெண்டரும் தன் ஸ்பெஷல் நிறங்களுக்கு டூபாண்ட் கம்பெனியின் கார் பெயிண்டைத்தான் வாங்கியது. இன்று ஏங்கித் தேடும் 'ஃபியெஸ்டா ரெட்', 1956 ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம்.

எல்லாவற்றையும் பாயில் பரப்பி, மகனிடம் கணக்கைச் சொன்னேன். உடல், கழுத்து, கீ நாலும், வால்யூம் கன்ட்ரோல், பாதி பிக்கப் கம்பெனி போட்டவை. வண்ணம், சாடில், டோன் கன்ட்ரோல், மீதி பிக்கப், எலும்பில் செதுக்கிய நட் எல்லாம் இங்கே போட்டவை. மறுவண்ணம் அடித்தாலே விலை ஏறக்குறைய பாதியாகும் என்பது சந்தை வழக்கு.

மகனின் முகம் விழுந்தது. அங்கிள்தான் கேட்டார்: "அப்போ வாசிக்காம கட்டிலுக்குக் கீழ வெச்சிருந்தா முழு வெலை வந்திருக்கும்ன்ற?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பழைய வாத்தியச் சந்தையின் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. வாசிப்பதற்காகச் செய்த பொருள், வாசிக்கப்படாமல் கிடந்தால்தான் உச்ச விலை. அவர் மேடையில் நின்ற ஒவ்வொரு வருஷமும் விலையில் கழிந்திருக்கிறது. கடைக்குப் போய் கம்பெனி பாகம் வாங்க வழியில்லாத ஊரில், காயில் கட்டுபவரும் லேத்காரரும் லாரி பெயிண்டரும் சேர்ந்து இதை உயிரோடு வைத்திருந்தார்கள். சந்தையின் மொழியில் அதற்குப் பெயர் 'சேதாரம்'.

பாகங்களைச் சரிபார்ப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மாற்றியதை மறைத்து ஒரிஜினல் விலை கேட்டால் அது ஏமாற்று, அதைப் பிடிக்கத்தான் இந்த வித்தை. ஆனால் ஒரு வாத்தியம் எது என்று கடைசியில் அடையாளம் காட்டுவது கம்பெனி முத்திரை மட்டுமல்ல. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. அரை நூற்றாண்டு கழித்துக் கண்டெடுத்து அவரிடம் சேர்த்த செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. 1964இல் அதற்கு மறுவண்ணம் அடித்து, இரண்டு பிக்கப்பையும் ஒரே மரச்சட்டத்தில் பொருத்தியிருந்தார்கள். அதே மாடலில் வந்த மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுபவை அந்த ரிப்பேர்கள்தான். ஜேம்ஸ் ஜேமர்சன் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த 1962 பிரிசிஷன், 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் களவு போனது. அது கிடைத்தால், அதில் எத்தனை ஸ்க்ரூ மாறியிருக்கிறது என்று எண்ணி யாராவது விலையைக் குறைப்பார்களா?

நாங்கள் இரண்டு லட்சத்துக்குப் பேசி முடித்தோம். மகன் கேட்டதற்கு வெகு கீழே, சந்தைக் கணக்குக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கொஞ்சத்தைக் கொடுத்ததற்கு என்னிடம் இரக்கம் தவிர வேறு காரணம் இருந்தது. கழுத்து நேராக இருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி நிற்கிறது. எந்தப் பாகம் எப்போது, ஏன் மாறியது என்று தெரிந்த பழைய வாத்தியம் அபூர்வம். தெரியாத ரிப்பேருக்குத்தான் விலையைக் குறைக்க வேண்டும், தெரிந்த ரிப்பேருக்கு இல்லை.

பணம் கொடுக்கும் முன் அங்கிளை உட்கார வைத்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பாகம், வருஷம், காரணம், எந்தப் பட்டறை. சிலவற்றுக்கு வருஷம் நினைவில்லை. ஆனால் அப்போது எந்தப் பாட்டு ஹிட் என்று நினைவிருந்தது, அதையே எழுதினோம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது பெட்டிக்குள் இருக்கிறது. சன்பர்ஸ்ட்டுக்குத் திரும்ப அடிக்கலாமே, பிக்கப்பை மாற்றலாமே என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். நான் இதுவரை தந்தியை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன், அதையும் தாளில் எழுதிவிட்டேன்.