தொழில் மாறுதலும் எங்கள் வீட்டு விதியும்

தாயக்கட்டை உருட்டும் ஓர் ஆட்டத்தைப் பற்றி ஆண்டு மலரொன்றில் எழுதுவது சிலருக்கு விளையாட்டுத்தனமாகத் தோன்றலாம். எனினும், பிறனொருவனுக்கு நான் விதித்த முதற் சட்டம் அவ்வாட்டத்திலேதான் பிறந்தது. அச்சட்டத்தின் கடுமை பின்னர் என்னையே வந்து சேர்ந்தமையால் எழுதத் துணிந்தேன்.

2019ஆம் ஆண்டு கனடாவிலிருந்து சாவகச்சேரிக்கு வந்திருந்த என் பெரியம்மாவின் மகன், திரும்பிச் செல்லுகையில் தடித்த புத்தகமொன்றையும் பலமுகக் கட்டைகள் சிலவற்றையும் எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்றாகன்ஸ்’ என்பது ஆட்டத்தின் பெயர். அமெரிக்கரான கரி கைகக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் 1974இல் இதனை வெளியிட்டனர். திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான். ஒருவன் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, என்ன செய்கின்றோம் என்பதை வாயாற் சொல்ல, வெற்றி தோல்வியைக் கட்டை தீர்மானிக்கும். ஏடும் அண்ணாவியாரும் இல்லாத கூத்து எனலாம். பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் வீரன், மந்திரவாதி, பூசகர், பாணன் என ஒரு ‘கிளாஸ்’ உண்டு. ‘வகுப்பு’ என்றால் ரியூசன் ஞாபகம் வந்து மனத்தைக் கெடுத்தமையால், நாங்கள் அதனைத் ‘தொழில்’ என்றே வழங்கினோம்.

நாங்கள் நால்வரும் உயிரியற் பிரிவினர். 2022 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தோம். அம்மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. எங்கள் வீட்டு விறாந்தையில் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆட்டம் வளர்ந்தது. கதையை நடத்துபவன் நான்.

ஐந்தாம் படிவரை பூசகனாக வந்து, காயம்பட்ட எங்கள் அனைவரையும் மந்திரத்தாற் குணப்படுத்திய நண்பன் ஒருநாள், “மச்சான், எனக்கு இவன் அலுத்துப்போனான். பாணனா மாத்தலாமோ?” என்று கேட்டான். 2014இல் வெளியான அப்பதிப்பு, நடத்துபவன் இசைந்தால் இன்னொரு தொழிலைச் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது. பழைய தொழிலுக்கும் புதிய தொழிலுக்கும் உரிய பண்புகள் 13 புள்ளியாவது இருத்தல் வேண்டும். நண்பனின் பூசகனுக்கோ வசீகரம் 10 மாத்திரமே. அத்துடன், அவன் விரும்பியது சேர்த்தலன்று, விட்டு மாறுதல். அதற்கு அப்புத்தகத்தில் விதி இல்லை. ஆகவே நான் விதி செய்தேன்: மாறலாம், ஆனால் முதலாம் படியிலிருந்து, பழையன யாவும் அழியும். 38 உயிர்ப்புள்ளியோடு நின்றவன் 10 புள்ளியோடு பாணனானான். நினைத்தபோதெல்லாம் தொழில் மாற்றினால் ஆட்டத்துக்கு மதிப்பேது என்பது அன்று என் வாதம். அவ்வாதத்தில் இன்றும் ஓரளவு நியாயம் உண்டென்றே கருதுகின்றேன்.

மூன்றாம் நாள் ஆட்டத்தில் எங்கள் வீரன் குற்றுயிராய் வீழ்ந்தான். “நான் மந்திரம் சொல்லுறன்” என்றான் நண்பன்.

“நீ அதை மறந்திட்டாய்.”

“மறக்கேல்லை மச்சான். நீதான் மறக்கச் சொல்லுறாய்.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீரன் இறந்தான்; அடுத்த சுற்றில் பாணனும் இறந்தான். நண்பன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். அதன்பின் நெடுநாள் ஆட்டம் நடைபெறவில்லை.

ஓகஸ்ட் இறுதியில் பெறுபேறு வந்தது. என் இசெட் புள்ளி நான் விரும்பிய எதற்கும் போதவில்லை. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுவதை அறிவீர்கள். சதுரங்கத்தின் பழைய இந்திய முறையொன்றில், எதிர்க்கரையை அடைந்த காலாள் விரும்பியவாறு மந்திரியாக முடியாது. எந்த நிரையிற் சென்று சேர்ந்தானோ அந்நிரைக்குரிய காயாகவே மாறுவான். அவ்விதியைச் செய்தவர் எங்கள் கல்விமுறையை முன்னரே கண்டவர் போலும்.

கலைப்பிரிவுக்கு மாறப்போகின்றேன் என்று வீட்டில் அறிவித்தேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்ப படிச்ச இரண்டு வருசமும் வீண்தானே, தம்பி?” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் மறுமொழி சொல்லியிருப்பேன். அவர் கணக்குப் பார்ப்பவர் போலக் கேட்டார். அன்றிரவு எனக்கு நினைவில் வந்தது நான்காக மடிக்கப்பட்ட அத்தாள்.

தமிழும் புவியியலும் இந்து நாகரிகமும் முதலிலிருந்து படித்து, 2024 சனவரியில் மீண்டும் பரீட்சை எழுதிக் கலைப்பீடம் வந்தேன். முதலாண்டில் விரிவுரையாளர் ஒருவர் குறிஞ்சிப் பூவைப் பற்றிக் கூறுகையில், அது ‘ஸ்ட்ரோபிலாந்தஸ்’ இனத்தது என்பதும், பல ஆண்டுகளுக்கொருமுறை கூட்டமாகப் பூத்துக் காய்த்து மடியும் என்பதும், அவ்வினச் செடிகள் நமது ஹோட்டன் சமவெளியிலும் உண்டென்பதும் என் நாவின் நுனிவரை வந்தன. கையை உயர்த்தவில்லை. உயிரியலில் தவறியவன் இங்கு வந்து உயிரியல் பேசுகின்றான் என்பார்களோ என்னும் கூச்சம்.

அண்மையில் இவ்வாட்டத்தின் 1978ஆம் ஆண்டு விதிகளைப் படித்தேன். தொழில் மாறும் உரிமை அங்கே மானிடப் பாத்திரத்துக்கு மட்டுமே உண்டு. பழைய தொழிலின் பண்பு 15, புதியதன் பண்பு 17 வேண்டும். முதலாம் படியிலிருந்தே தொடங்க வேண்டும். ஆனால் உயிர்ப்புள்ளிகள் பறிக்கப்படுவதில்லை. பழைய திறனும் அழிவதில்லை. புதிய தொழிலிற் பழைய படியைத் தாண்டுமுன் அத்திறனைக் கையாண்டால் அப்பயணத்துக்குரிய அனுபவப் புள்ளி கிடையாது, அவ்வளவே. தாண்டியபின் இரண்டும் அவனுக்குரியன. என்னுடைய விதியைவிட எவ்வளவோ கடுமையான நுழைவாயில். ஆயினும் உள்ளே வந்தவனை மறக்கச் சொல்லவில்லை.

நண்பன் இப்போது கைதடியிற் சித்த மருத்துவம் பயில்கின்றான். பூசகனை வெறுத்தவனுக்கு வாய்த்தது குணப்படுத்தும் தொழிலே! கடந்த விடுமுறையில் அதே விறாந்தையில் மீண்டும் கூடினோம். பழைய தாளை அவன் எறிந்திருக்கவில்லை, மடிப்புகளிற் கிழிந்திருந்தது. என் பழைய விதி நீங்கியது என்று மட்டும் அறிவித்தேன். மன்னிப்புக் கேட்க நாவெழவில்லை. பாணனை உயிர்ப்பித்துக் கதை தொடர்ந்தது. இரண்டாம் மணித்தியாலத்தில் ஒருவன் குற்றுயிராய் வீழ்ந்தான். நண்பன் என்னைப் பார்த்தான்.

“ஞாபகம் இருக்கெண்டு சொல்லலாமோ?”

“கட்டையை உருட்டு” என்றேன்.