தானாக வரட்டும்!

நாய் நன்றியுள்ள பிராணி என்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் மனுஷர் கையால் அடி வாங்கின நாய்க்கு, நன்றிக்கு முன்னால் நம்பிக்கை வரவேண்டும். அது லேசில் வருவதில்லை. எங்கள் வீட்டில் அதற்கு நாலு மாதம் ஆயிற்று.

திருச்சியில், பிராணிகள் காப்பகம் ஒன்றிலிருந்து செவலையைக் கொண்டுவந்தோம். 2 வயசு இருக்கும். நம்ம ஊர்த் தெருநாய்தான். செம்மண் நிறம், அதனால் அந்தப் பெயர். ஒரு காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. அடிபட்ட காயம் என்று நினைத்துவிடாதீர்கள். கருத்தடை ஆபரேஷன் ஆன தெருநாய்க்கு வைக்கும் அடையாளம் அது. 2001-ல் வந்த மத்திய அரசு விதிகளிலேயே இது இருந்தது. பின்னங்காலில் இருந்த தழும்புதான் மனுஷர் கைவரிசை.

வந்த அன்றே பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே போய்ப் புகுந்துகொண்டது. நான் துடைப்பத்தைக் கையில் எடுத்தால் போதும், உடம்பைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே ஒன்றுக்குப் போய்விடும். ஆள் இருந்தால் சோற்றைத் தொடாது. விளக்கை அணைத்த பிறகுதான் தட்டு காலியாகும்.

மாமியாருக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. "நடுவீட்டுக்குள்ள மட்டும் வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பத்தாம் நாள் ராத்திரி, என் 8 வயசு மகள் தட்டை நகர்த்தி வைக்கக் கை நீட்டினாள். செவலை பல்லைக் காட்டி உறுமியது. கடிக்கவில்லை. ஆனாலும் இவர் முகம் வெளுத்துவிட்டது. "குழந்தை இருக்கற வீடு. நாளைக்கே கொண்டுபோய் விட்டுடலாம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் தெருவும் விரட்டி, வீடும் விரட்டினால் அது எங்கேதான் போகும்? "ஒரு மாசம் பொறுங்க. சரியாகலைன்னா நானே கொண்டுபோய் விட்டுடறேன்" என்று கேட்டு வாங்கினேன்.

தடுப்பூசி போடும் கால்நடை டாக்டரம்மாவிடம் போனேன். "உறுமினதுக்காக அடிச்சுடாதீங்க. 'கிட்ட வராதே'ன்னு அது சொல்ற எச்சரிக்கை அது. அடிச்சு அடக்கினா, அடுத்த தடவை உறுமாமலே கடிச்சுடும்" என்றார். உறுமுவதற்கு முன்பே நாய் தன் பயத்தைக் காட்டுமாம். உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், வாலை இடுக்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து பார்த்தால், இத்தனையும் செவலையிடம் இருந்தன!

அன்றிலிருந்து வீட்டில் சில சட்டங்கள். தொட்டி ஓரம் அதன் இடம். ஒரு பழைய சாக்கை விரித்தோம், அங்கே யாரும் போகக்கூடாது. சாப்பாடு தினம் ஒரே நேரம். அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மகள் கிட்டே போகக்கூடாது. இரண்டு பேரையும் தனியே விடுவதும் இல்லை. கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்க்காமல், நான் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, வேகவைத்த முட்டைத் துண்டை ஓரமாகப் போடுவேன். துடைப்பத்தை அசையாமல் தரையில் கிடத்தி அதைச் சுற்றியும் துண்டுகளைப் போட்டேன். மிச்சமாகும் சாம்பாரைச் சோற்றில் ஊற்றுவதில்லை. வெங்காயம் நாய்க்கு ஆகாது. திராட்சையும் சாக்லேட்டும் அப்படியே.

இன்னொன்றையும் இளம் தாய்மார்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு வருஷம் தவறாமல் தடுப்பூசி போடவேண்டும். எந்த நாயின் பல்லோ நகமோ குழந்தை மேல் பட்டுக் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், செவலை முதலில் தேடிப் போனது மாமியாரைத்தான்! தினம் மத்தியானம் பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்வார். கூப்பிடமாட்டார், திரும்பிப் பார்க்கமாட்டார், கை நீட்டமாட்டார். அந்த அலட்சியமே அதற்குத் தைரியம் கொடுத்துவிட்டது போலிருக்கிறது. மூன்றாவது வாரம் ஒரு முழம் தள்ளி வந்து படுத்தது. கொஞ்ச நாளில் அவர் பாதத்தின் மேல் மோவாயை வைத்துக்கொண்டது. "சனியன், இப்ப நான் எப்படி எந்திரிக்கறது?" என்று முணுமுணுத்தாரே தவிர, அரை மணி நேரம் காலை அசைக்கவில்லை. மாசக் கெடு முடிந்தபோது இவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாம் மாதம் மகளின் உள்ளங்கையிலிருந்து முட்டையை வாங்கித் தின்றது. தலையைத் தடவாமல் மோவாய்க்கடியில் மெல்லத் தொட அவளும் கற்றுக்கொண்டாள். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் கம்போடு யாராவது வந்தால் ஒளிந்துகொள்கிறது. தீபாவளிக்குத் தொட்டி ஓரத்துக்கே ஓடிவிடுகிறது. அப்போது இழுத்து வருவதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அடிபட்ட ஜீவனைக் கொண்டுவருகிற சகோதரிகள் அன்பை அவசரமாகக் கொட்டவேண்டாம். சோறும் இடமும் கொடுங்கள். அதுவாக வரும்வரை காத்திருங்கள். எங்கள் செவலை இப்போது நடுக்கூடத்தில் மல்லாந்து படுத்துத் தூங்குகிறது. மாமியார்தான் அதை எழுப்பாமல் சுற்றிக்கொண்டு போகிறார்!