ஊரிகத்தில் ஒரு வில் பட்டறை

கோலார் தங்கவயலில், ஊரிகத்திலிருந்து சாம்பியன் ரீஃப் போகும் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் தகரக் கூரை வேய்ந்த கொட்டகை ஒன்று. உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது சுவர்தான். சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடாகக் கரியால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டிருக்கிறார்கள். சுவரோடு சேர்த்து நட்ட மரத்தூணின் தலையில் ஒரு பள்ளம்; அதில் பழைய சைக்கிள் டயர்த் துண்டு. வில்லின் கைப்பிடி அங்கே உட்காரும். தூணின் அடியில் ஒரு கப்பி. நாணில் மாட்டிய கொக்கி, அதன்கீழ் ஸ்பிரிங் தராசு, அதிலிருந்து இறங்கும் கயிறு கப்பியைச் சுற்றிப் பத்தடி தள்ளி நிற்பவர் கைக்கு வருகிறது.

"உளி, இழைப்புளி எல்லாம் அப்புறம் தம்பி. முதல்ல இதைத்தான் நட்டேன்" என்றார் பட்டறைக்காரர். சுரங்கத்தில் மரம் கொடுத்து முட்டு நிறுத்தும் வேலை பார்த்தவர். தெருப்பிள்ளைகளுக்கு அவர் தாத்தா.

ஏன் பத்தடி? வில்லைக் கையில் பிடித்து இழுப்பவருக்கு அது வளைவது தெரியாது. தள்ளி நின்று இழுத்தால் வில்லின் இரண்டு கைகளும் ஒன்றுபோல் வளைகின்றனவா என்பதைக் கட்டங்களே காட்டிக்கொடுக்கும். தராசு இழுவிசையைச் சொல்லும். தூணில் பதித்த அளவுகோல் நாண் எத்தனை அங்குலம் இறங்கியது என்று காட்டும். மூங்கில் முறிந்து தெறித்தாலும் ஆளுக்குச் சேதமில்லை.

மூங்கில் என்றால் கல்மூங்கில்; உள்ளே துளை குறைந்தது, கெட்டியானது. மூங்கிலின் வலுவெல்லாம் வெளித்தோலை ஒட்டித்தான், நார் அங்கேதான் நெருக்கம். அதனால் தோல் பக்கத்தில் கத்தி படக்கூடாது. எய்பவரின் முகத்தைப் பார்க்கும் உட்பக்கத்தை மட்டுமே சீவ வேண்டும். கணு வரும் இடத்தில் அவசரப்படக்கூடாது. கடைசிச் சுரண்டலுக்கு அவர் எடுப்பது உடைந்த கண்ணாடிச் சில்லு. சுருள் சுருளாக, காகிதத்தைவிட மெல்லியதாக மூங்கில் உரிந்து வருகிறது.

நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சின்னக் கட்டையை. ஒரு சாண் நீளம், தட்டையான அடி, நடுவில் துளை, துளைக்குள் பென்சில் துண்டு. வில்லைத் தூணில் ஏற்றிப் பாதி இழுத்துக் கட்டிவிட்டு, அதிகமாக வளைந்த இடத்தில் கட்டையை வைத்துப் பென்சில் முனை மரத்தை மயிரிழையில் தொடாதபடி நிறுத்துகிறார். பிறகு வளைவின் உட்பக்கமாகக் கட்டையை நகர்த்திக்கொண்டே போகிறார். எங்கே கோடு விழுகிறதோ அங்கே மரம் விறைப்பு. அங்கே மட்டும் சுரண்டல். கோடு விழாத இடத்தில் கை வைத்தால் அந்த இடமே மடிந்து வில் போய்விடும். சுரண்டிய பிறகு இருபது, முப்பது தடவை மெல்ல இழுத்துவிட்டுத்தான் மறுபடி அளக்கிறார். கழித்த மரத்துக்கு ஏற்ப வில் பழக அவ்வளவு இழுவை வேண்டும். பத்து கிலோ வில் என்று தீர்மானித்தால், நாண் பாதி தூரமே இறங்கியிருந்தாலும் தராசில் பத்தைத் தாண்ட விடுவதில்லை. தாண்டினால் மூங்கில் கூன் விழுந்து, பழைய நிலைக்குத் திரும்பாது.

இழுக்கும்போது பேச்சு நின்றுவிடுகிறது. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் கயிறு உடனே தளர்கிறது. சுரங்கத்திலும் அப்படித்தான்: முட்டு மரத்தில் அழுத்தம் ஏறினால் முறிவதற்கு முன் அது முனகும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடிப்பு அடிக்கடி நடந்த ஒன்று. 1880-இல் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக இறங்கிய தமிழர்களில் இப்படிப் பழகிய காதுகளும் கைகளும் எத்தனையோ. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது அந்தத் தேர்ச்சிக்கு யாரும் மதிப்புப் போடவில்லை. இன்று இங்கிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர் அந்தச் சுரங்கக்காரர்களின் பேரப்பிள்ளைகள்.

மூங்கில் வில்லை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க வேண்டாம். ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம் மூங்கில் வில்லில் தொடங்கியவர். 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் எய்தார். ஜார்க்கண்டின் தீபிகா குமாரிக்கும் தொடக்கம் மூங்கில் வில்தான். நம் தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்று மர வில்லுக்கே தனிப் பிரிவு இருக்கிறது. வெளிநாட்டு ரீகர்வ் வில்லைத் துணைக்கருவிகளோடு வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். லைன் வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாது, மூங்கில் வில் எட்டும்.

தங்கவயல் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சுவர், ஒரு தூண், ஒரு கப்பி, ஒரு தராசு: இவ்வளவுதான் செலவு. எய்வதற்குப் பின்மறைப்பு உள்ள மைதானமும், பக்கத்தில் நின்று பார்க்கப் பெரியவர் ஒருவரும் கட்டாயம். மரம் தெரிந்த சுரங்கக்காரர்கள் இன்னும் சிலர் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வில் செய்யக் கற்றுத்தர இந்தக் கல்வியாண்டிலேயே அவர்களைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள்.